பக்கத்துக் கடைக்கு எடுத்துச் செல்லவும்

ஜூன் 12

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் புழு எழுதுகிறேன். அம்மாவுக்குக் கால் வலி, அப்பாவுக்குக் கோபம், மற்றபடி மூவரும் நலம். புது ஊரின் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா?

பதிலை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அப்பா உங்கள் பேரைச் சொன்னாலே சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைக்கிறார். எங்கள் பள்ளி நூலக முகவரிக்கு எழுதுங்கள். நூலக டீச்சரிடம் பேசிவிட்டேன். "லவ் லெட்டர் இல்லையே?" என்று கேட்டார். "அத்தை லெட்டர்" என்றேன். "அப்படின்னா சரி, அதுல ஆபத்து இல்ல" என்றார்.

நீங்கள் போன மறுநாளே அப்பா நம் கடையின் வாசிப்பறையைப் பூட்டிவிட்டார். யார் வேண்டுமானாலும் உள்ளே போய், எந்தக் கருவியை வேண்டுமானாலும் ஆற அமர வாசித்துப் பார்க்கட்டும் என்று நீங்கள் வைத்திருந்த அறையில் இப்போது காலி அட்டைப்பெட்டிகள் கிடக்கின்றன. சாவி அப்பாவின் சட்டைப்பையில்.

அன்றைக்கு நடந்ததை நான் மாடிப்படியில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். அந்தக் கண்ணாடிக்காரர் மூன்று மாலை வந்து கிட்டார் வாசித்துப் பார்த்தார். நீங்கள் அவர் மகனின் விரலைப் பிடித்து எது பொருந்தும் என்று தேர்ந்து கொடுத்தீர்கள். பிறகு அவர் அதே கிட்டாரை ஆன்லைனில் வாங்கி, கம்பி மாற்றித் தரச் சொல்லி நம் கடைக்கே கொண்டு வந்தார். அப்பாவுக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை. ஆனால் அடுத்து வந்தவருக்கு நீங்கள் அறையைத் திறந்துவிட்டபோது, "கடை உன்னுதா, என்னுதா?" என்று ஆட்கள் முன்னால் கேட்டது தப்பு. "உங்களுதுதாண்ணா" என்று சொல்லிவிட்டு நீங்கள் அன்றைக்கே பையைத் தூக்கியதும் தப்பு. இரண்டு பேரையும் சமமாகக் குறை சொல்லியிருக்கிறேன், கவனியுங்கள்.

இப்போது உங்கள் இடத்தில் அம்மா நிற்கிறாள். நேற்று ஒருவர் வந்து, "மூணாவது கம்பி இருக்கா?" என்று கேட்டார். அம்மா, "மூணு என்ன, நாலு கூட இருக்கு, எத்தனை வேணும்?" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே போனார். திரும்பி வரவில்லை.

என் வயலின் எனக்குச் சின்னதாகிவிட்டது. முழு அளவு வயலினுக்கு நான் தயாரா என்று எப்படிப் பார்ப்பது?

எப்போது வருவீர்கள்?

அன்புடன்,
புழு

*

ஜூன் 27

என் செல்லப் புழுவுக்கு,

உன் கடிதத்தை பஸ்ஸிலேயே பிரித்துப் படித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். இங்கே நான் நலம். தண்ணீர் ஒத்துக்கொண்டது. தொண்டைதான் ஒத்துழைக்கவில்லை. மாலையானால் குரல் கட்டிக்கொள்கிறது. அதனால்தான் போன் வேண்டாம் என்கிறேன். எழுதினால் தொண்டை வலிக்காது.

வேலை கிடைத்துவிட்டது. ஓர் அலுவலகம். உட்கார்ந்து செய்கிற வேலை. ஜன்னல் இல்லை, ஆனால் நாற்காலி நன்றாக இருக்கிறது. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றிருக்கிறார்கள். அண்ணியிடம் மட்டும் சொல், கவலைப்படாமல் இருப்பாள்.

வயலின் விஷயம்: வாசிக்கிற மாதிரி இடது தோளில் வைத்துக்கொள். இடது கையை முழுவதும் நீட்டு. வயலினின் தலையில் இருக்கும் சுருளை உள்ளங்கையால் வசதியாகச் சுற்றிப் பிடிக்க முடிந்தால் அது உன் அளவு. விரல்நுனி மட்டும் எட்டினால் இன்னும் ஒரு வருடம் பொறு.

அப்பாவோடு சண்டை போடாதே. அவர் சாப்பிடுகிறாரா என்று எழுது.

உன் அத்தை

*

ஜூலை 21

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கும்படி அம்மா சொல்லச் சொன்னாள். அப்பா சாப்பிடுகிறார், ஆனால் யாரோ துரத்துகிற மாதிரி சாப்பிடுகிறார்.

உள்ளங்கை சுருளைச் சுற்றியது! நான் தயார்! என் பிறந்தநாளுக்குக் கடையிலிருந்தே ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

கடையில் இப்போது நிறைய அறிவிப்புகள். என் கையெழுத்து அழகாக இருப்பதால் என்னைத்தான் எழுதச் சொன்னார். "தொட்டுப் பார்க்க வேண்டாம்." "விலை மட்டும் கேட்பவர்கள் உள்ளே வர வேண்டாம்." "ஆன்லைனில் வாங்கியவை இங்கே பழுது பார்க்கப்படாது." முதல் அறிவிப்பில் "தயவுசெய்து" என்று நானாகச் சேர்த்தேன். "இடம் வீணாகுது" என்று கிழித்து மறுபடி எழுதச் சொன்னார்.

யார் வந்தாலும் அப்பா முதலில், "வாங்க வந்தீங்களா, பாக்க வந்தீங்களா?" என்று கேட்கிறார். ஒரு காலேஜ் அக்கா, "பாத்தாதானே அங்கிள் வாங்க முடியும்?" என்றாள். "பாத்துட்டு எங்க வாங்குவீங்கன்னு எனக்குத் தெரியும்மா" என்றார். அவள் முகம் வாடிவிட்டது. வாசலைத் தாண்டியதும் போனை எடுத்துப் பேச ஆரம்பித்தாள். எனக்கு அவள் பின்னால் ஓட வேண்டும் போல இருந்தது.

இன்னொன்றும் செய்திருக்கிறார். அறிவிப்பை மீறிச் சிலர் வயலினை எடுத்து வாசித்துப் பார்க்கிறார்களாம். அதனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, காட்சிக்கு வைத்திருக்கும் எல்லா வயலின்களின் கம்பிகளையும் சுத்தமாக அவிழ்த்துத் தொங்கவிட்டுவிட்டார். கம்பிகளைத் தாங்கும் குதிரைகளைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். "இப்ப வாசிக்கட்டும் பாப்போம்" என்றார். அன்று மட்டும் உற்சாகமாக இருந்தார்.

எப்போது வருவீர்கள்?

புழு

*

ஆகஸ்ட் 3

புழுவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள். இதை முதலில் படி.

வயலின் கம்பிகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அவிழ்க்கவே கூடாது. ஒன்றை அவிழ்த்தால், அதைக் கட்டிய பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். வயலின் வயிற்றுக்குள் மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே ஒரு சின்னக் குச்சி நிற்கிறது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பக்கத்துத் துளை வழியாகக் காட்டினேனே, நீதான் அதற்கு ஒற்றைக்காலன் என்று பேர் வைத்தாய். அதை யாரும் பசை போட்டு ஒட்டுவதில்லை. கம்பிகளின் இறுக்கத்தில்தான் நிற்கிறான். எல்லாவற்றையும் அவிழ்த்தால் விழுந்துவிடுவான். அவன் விழுந்த வயலினில் சத்தம் செத்துப்போகும். அப்படியே கம்பியை இறுக்கினால் பலகையே அமுங்கிப் போகலாம்.

புதிதாக வரும் ஒவ்வொரு வயலினுக்கும் அவனை நிறுத்தி வைத்தது நான்தான். உன் அப்பா கணக்கு வழக்கையும் வாசலையும் பார்த்துக்கொண்டார். இது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

எப்படியாவது அவரிடம் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

அத்தை

*

செப்டம்பர் 4

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? இங்கே நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

உங்கள் கடிதம் வந்த அன்றே அப்பாவிடம் சொன்னேன். புத்தகத்தில் படித்தேன் என்றேன். "புத்தகம் படிச்சவ வந்து கடை நடத்தறியா?" என்றார். அதற்கு மேல் எப்படிச் சொல்வது? உங்கள் பேரைச் சொன்னால் கடிதமும் நின்றுபோகும். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் பள்ளியில் இந்த வருடம் வயலின் வகுப்பு தொடங்குகிறார்கள். பத்து வயலின் வேண்டும். எங்கேயோ ஆன்லைனில் வாங்கப் போவதாக மியூசிக் சார் சொன்னதும் நான் அவர் பின்னாலேயே நடந்து, எங்கள் கடைக்கு ஒரே ஒரு தடவை வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். சனிக்கிழமை வந்தார். இந்த ஆர்டர் கிடைத்தால் கடை வாடகைப் பாக்கி தீரும் என்று அம்மா முந்தைய நாளே சொல்லியிருந்தாள். அப்பா சவரம் செய்து, நல்ல சட்டை போட்டிருந்தார். "வாங்க சார், உக்காருங்க சார்" என்றார். அந்தக் குரலை நான் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

காலையிலேயே அப்பா குதிரைகளை வைத்து, எல்லாக் கம்பிகளையும் கட்டியிருந்தார். சார் ஒன்றை எடுத்து வில்லைப் போட்டார். தலையணைக்குள் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அடுத்ததை எடுத்தார். அதுவும் அப்படியே. பிறகு அதைக் காதருகே கொண்டுபோய் மெதுவாக ஆட்டினார். உள்ளே கடகடவென்றது. ஒவ்வொன்றாக ஆட்டினார். எல்லாம் கடகட.

"என்ன சார் இது, எல்லாத்துலயும் ஏதோ உடைஞ்சு கெடக்கு?"

"ஆட்டிப் பாக்க இது என்ன கிலுகிலுப்பையா சார்? வயலினை வாசிக்கணும். ஆட்டக் கூடாது."

"வாசிச்சேனே. அதனாலதான் ஆட்டினேன்."

அப்பா அவர் கையிலிருந்த வயலினை வாங்கி வைத்தார். "ஆன்லைன்ல வாங்கணும்னு முடிவு பண்ணிட்டு, குறை கண்டுபிடிக்கன்னே வந்திருக்கீங்க" என்றார். சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் நல்லவர், கோபப்படவில்லை. "மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணி வைங்க, மறுபடி வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அன்று நான் எதையாவது சொல்லி அப்பாவை வெளியே அனுப்பிவிடுகிறேன். நீங்கள் ஒற்றைக்காலன்களை நிறுத்திவிட்டுப் போய்விடலாம். அப்பாவைப் பார்க்கக்கூட வேண்டாம். இந்தப் பத்து வயலின் போனால் கடையும் போய்விடும்.

இந்த ஞாயிறு இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு. எப்போது வருவீர்கள்?

புழு

*

செப்டம்பர் 17

அன்புள்ள அத்தைக்கு,

உங்களுக்கு உடம்பு சரியில்லையா? பதில் வரவில்லை. தினமும் இடைவேளையில் நூலகத்துக்குப் போகிறேன். டீச்சர் என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிடுகிறார், நான் கேட்க வேண்டியதே இல்லை.

இரண்டு ஞாயிறு போய்விட்டன. இன்னும் ஒன்று இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கட்டுமா?

எப்போது வருவீர்கள்?

புழு

*

செப்டம்பர் 30

புழுவுக்கு,

காய்ச்சல் எதுவும் இல்லை, பயப்படாதே. வேலை அதிகம். லீவு கிடைக்கவில்லை. அண்ணி கால் வலி எப்படி இருக்கிறது?

என்னால் வர முடியாது. இதோடு ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். அதில் இருக்கும் வளைந்த கொக்கிதான் ஒற்றைக்காலனை நிறுத்துகிற கருவி. நம் கடையிலிருந்து நான் எடுத்து வந்தது இது ஒன்றுதான். குச்சியின் மேல்முனைக்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில் கொக்கியின் கூர் முனையைக் குத்திக்கொள். வலது பக்கத் துளை வழியாக உள்ளே விட்டு, குதிரையின் வலது காலுக்குக் கொஞ்சம் பின்னால் நேராக நிறுத்து. இரண்டு பலகையிலும் நன்றாக ஒட்டி நிற்க வேண்டும். துளையின் ஓரத்தை மட்டும் கீறிவிடாதே. முதல் நாளே வராது. எனக்கும் வரவில்லை.

ஒன்று சொல்கிறேன். வாங்க வருகிறவர்கள் எல்லோரும் மாதக் கடைசி வரை காத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் அவசரம் இருக்கும். எது நடந்தாலும் படிப்பை விட்டுவிடாதே.

எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அண்ணியிடம் சொல்.

அத்தை

*

அக்டோபர் 19

அத்தைக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் பள்ளிக்குப் பத்து நீளப் பெட்டிகள் வந்தன. மியூசிக் சார் அவற்றை மேஜையில் அடுக்கிப் பிரித்தார். நன்றாகத்தான் இருந்தன. ஒன்றில்கூட உள்ளே எதுவும் ஆடவில்லை. ஒரு பையன் கம்பிகளைத் திருகப் போனதும் சார் அவன் கையைத் தட்டிவிட்டார்.

"எல்லாத்தையும் ஒண்ணா அவுக்காதே. ஒண்ணக் கட்டிட்டுத்தான் இன்னொண்ணு. இல்லன்னா உள்ள இருக்கற குச்சி விழுந்துடும். அதுக்குப் பேரே ஒற்றைக்காலனாம்."

நான், "யார் சார் சொன்னாங்க?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"ஆர்டர் போடறதுக்கு முன்னாடி சும்மா விசாரிக்கலாம்னு அந்த கம்பெனிக்கு போன் பண்ணேன். ஒரு அம்மா எடுத்தாங்க. பாவம், தொண்டை கட்டியிருந்துச்சு. ஆனா எவ்வளவு பொறுமை! பிள்ளைங்களோட கை நீளம்கூடக் கேட்டாங்க. உங்க கடையில அப்படி ஒருத்தர் இருந்திருந்தா நான் ஏம்மா போனுக்குப் போறேன்?"

அவர் எப்போது போன் செய்தார் என்றும் கேட்டேன். எங்கள் கடைக்கு வந்துபோன அடுத்த வாரமே. பள்ளியின் பேரையும் முகவரியையும் அந்த அம்மாவிடம் சொல்லி எழுத வைத்தாராம்.

ஒற்றைக்காலன் என்ற பேர் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அந்த போனை எடுத்தது நீங்களா? முகவரியை எழுதும்போது, அது என் பள்ளி என்று பார்த்தீர்களா? என் முதல் கடிதத்துக்குப் பதில் எழுதும்போதே அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தீர்களா? இதில் ஏதாவது ஒன்றுக்காவது பதில் எழுதுங்கள்.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

புழு

*

ஜனவரி 11

அத்தைக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. இருந்தாலும் நான் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு விஷயம் கேட்க வேண்டும்.

முதலில் நலம். அம்மா ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போகிறாள். நாள் முழுக்க நிற்பதால் கால் வீங்கிவிடுகிறது. அப்பா நலம் என்றுதான் சொல்கிறார்.

கடையை மூடிவிட்டோம். மொத்தமாக எடுப்பவர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் லாரியில் ஏற்றினார். வயலின்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, "இதெல்லாம் விறகு விலைக்குத்தான் போகும்" என்றார். அப்பா பேரம் பேசவே இல்லை. ஒன்றை மட்டும் எனக்காக எடுத்து வைத்தார். அதற்குள்ளும் ஒற்றைக்காலன் விழுந்துதான் கிடக்கிறான். உங்கள் கொக்கியை வைத்துக்கொண்டு நான் பல நாள் முயன்றேன். குச்சி நிற்கிற மாதிரி நின்று, கொக்கியை உருவியதும் சாய்ந்துவிடுகிறது.

லாரி வருவதற்கு முந்தைய நாள் மாலை கடையில் நாங்கள் மூவரும் இருந்தோம். நான் அழுதுகொண்டே அந்தக் குச்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தக் கொக்கி ஏது?" என்றார். எனக்கு எந்தப் பொய்யும் வரவில்லை. நூலகம், கடிதங்கள், பத்துப் பெட்டிகள், மியூசிக் சார் சொன்னது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் திட்டுவார் என்று அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் திட்டவில்லை. "அந்த கம்பெனி நம்பர் தெரியுமா?" என்று கேட்டார். பள்ளியில் இருந்த பெட்டி மேல் அச்சடித்திருந்ததை நான் குறித்து வைத்திருந்தேன்.

போனில் முதலில் வேறு யாரோ எடுத்தார்கள். அப்பா, "வயலின் ரிப்பேர் பத்திக் கேக்கணும். போன வருஷம் செப்டம்பர்ல பள்ளிக்கூடத்துக்குப் பத்து வயலின் குடுத்தாங்களே, தொண்டை கட்டின அம்மா, அவங்ககிட்ட குடுங்க" என்றார். ரொம்ப நேரம் காத்திருந்தார். பிறகு ஏதோ குரல் கேட்டது. என்ன சொல்லப் போகிறார் என்று நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டு நின்றோம். வாயைத் திறந்தார். சட்டென்று என் கையிலிருந்த வயலினை வாங்கி, போனுக்குப் பக்கத்தில் பிடித்து ஆட்டினார். கடகடவென்றது. மறுபடி ஆட்டினார். அப்புறம் போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் போனை வைத்துவிட்டு ஷட்டரை இழுத்து மூடினார்.

என்ன சொன்னார்கள் என்று அம்மா கேட்டாள். "ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் கவனிக்கறாங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை.

நீங்கள் என்ன சொன்னீர்கள்?

புழு

*

ஜனவரி 29

புழுவுக்கு,

அண்ணிக்கு இரவில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல். வீக்கம் குறையும்.

நீ அக்டோபரில் கேட்டவற்றுக்கு நான் பதில் எழுதவில்லை. பலமுறை எடுத்து வைத்தேன், "அன்புள்ள" என்பதற்கு மேல் ஓடவில்லை. உனக்கே தெரிந்த பதிலை என் கையால் எழுதி என்ன ஆகப்போகிறது? நான் எடுக்காவிட்டால் அந்த போனைப் பக்கத்து நாற்காலி எடுத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மையும்தான். சொல்லிக்கொண்டாலும் தூக்கம் வருவதில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒரு கூடம். அதில் வரிசையாக நாற்காலிகள். எல்லோர் தலையிலும் ஒரு ஹெட்போன். எங்களுக்குப் பின்னால் ஒருவர் நடந்துகொண்டே இருப்பார். எந்தப் பேச்சையும் அவர் எந்த நேரத்திலும் ஒட்டுக்கேட்கலாம், எல்லாம் பதிவாகிறது. என்ன பிரச்சினைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எதிரே திரையில் வரும். அதை மாற்றிச் சொன்னால் எச்சரிக்கை. மியூசிக் சாரிடம் கொஞ்சம் கூடுதலாகப் பேசியதற்கே என்னைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். ஆர்டர் பெரியது என்பதால் விட்டுவிட்டார்கள். அதனால்தான் நிரந்தரமும் ஆனது.

உங்கள் போன் வந்த அன்றைக்கு, "வணக்கம், என்ன உதவி வேணும்?" என்றேன். பிறகு அந்தச் சத்தம் கேட்டது. வயலினுக்குள் குச்சி உருள்கிற சத்தம். அதை யார் வேண்டுமானாலும் ஆட்டியிருக்கலாம். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கனைப்பு கேட்டது. கோபத்தை விழுங்கும்போது உன் அப்பா கனைப்பார், உனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து நான் அதைக் கேட்டிருக்கிறேன்.

அண்ணா என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். பின்னால் நடப்பவர் என் நாற்காலிக்கு நேராக நின்றிருந்தார். அவர் காதிலும் ஹெட்போன் இருந்தது. நான் திரையைப் பார்த்தேன். உள்ளே குச்சி விழுந்துவிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. எங்கள் கம்பெனி பழுது பார்ப்பதில்லை. விற்பதோடு சரி.

அதைத்தான் படித்தேன். "ஐயா, உங்கள் வயலினில் உள்ளே இருக்கும் குச்சி விழுந்திருக்கிறது. இதை போனில் சரிசெய்ய இயலாது. தயவுசெய்து உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் இசைக்கருவிக் கடைக்கு எடுத்துச் செல்லவும்."

அவர் வைக்கவில்லை. மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் வைக்கவில்லை. பின்னால் நின்றவர் என் தோளைத் தொட்டார். "வேறு ஏதாவது உதவி வேண்டுமா, ஐயா?" என்று கேட்டேன். அதுவும் திரையில் இருப்பதுதான்.

அதற்குப் பிறகுதான் வைத்தார்.

அவர் சாப்பிடுகிறாரா?

அத்தை

*

மார்ச் 2

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் தொண்டை தேவலையா? அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. தலையணை யோசனைக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

உங்கள் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். இனிமேல் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. அதனால் நீங்கள் வீட்டு முகவரிக்கே எழுதலாம். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று இரண்டு தடவை படித்தார். "சரியாத்தான் சொல்லியிருக்கா. பக்கத்துல கடை இருந்தா எடுத்துட்டுப் போகலாம்" என்று சொல்லி, கடிதத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

கீழே கடையை ஒரு மருந்துக்கடைக்காரர் எடுத்திருக்கிறார். கண்ணாடியில் ஒட்டியிருந்த என் அறிவிப்புகளை அவர்கள் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல பசை போட்டு ஒட்டியிருந்தேன். "தொட்டுப்" என்பது மட்டும் இன்னும் வரவில்லை.

பரீட்சை நெருங்குகிறது. வயலின் வகுப்பில் பள்ளி வயலினையே வாசிக்கிறேன். நன்றாகச் சத்தம் வருகிறது.

அப்பா எனக்காக எடுத்து வைத்தது பெட்டியோடு அலமாரி மேல் இருக்கிறது. கொக்கியும் அதற்குள்தான். ஒட்டடை அடிக்கும்போது பெட்டியை நகர்த்த வேண்டியிருக்கிறது. அப்போது மட்டும் உள்ளே உருளும் சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் அப்பா அறையில் இருந்தால் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்புவார். அம்மா குழாயைத் திறந்துவிடுவாள். நான் பெட்டியை மெதுவாக, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன்.

அப்பா சாப்பிடுகிறார்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்